சும்மா இருக்க ஒரு பிளான்!

“ஏங்க, இந்தத் தடவை எங்கேயாவது போய் சும்மா உட்காரணும்” என்றாள் மனைவி.

சும்மா உட்கார எதற்கு எங்கேயாவது போக வேண்டும், வீட்டிலேயே உட்காரலாமே என்று சொல்ல வாயைத் திறந்து, பதினோரு வருட அனுபவத்தில் மூடிக்கொண்டேன்.

அவள் அப்படிக் கேட்டதற்கு ஒரு முன்கதை உண்டு. போன முறை நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனது, ‘ஒரே நாளில் ஒன்பது நவக்கிரக ஸ்தலம்’ பஸ். ஒரு கோயிலில் செருப்பை விட்டு, அடுத்த கோயிலில் தேடினோம். ஊர் திரும்பியதும் மாமியார், “எந்தக் கோயில்டி ரொம்பப் பிடிச்சுது?” என்று கேட்க, இவள் சொன்ன பதில்: “பஸ் பஞ்சர் ஆச்சும்மா. அங்க ஒரு வாய்க்கால் பக்கத்துல இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். அதுதான்.”

கைக்காசு போட்டுக் கூட்டிப்போனவனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

இந்த நேரம் பார்த்து கிளாஸ்கோவிலிருந்து மைத்துனன் போன் செய்தான். அங்கே கம்ப்யூட்டர் வேலை. “மாமா, மே மாசம் அக்காவுக்கு ஸ்கூல் லீவுதானே? கிளம்பி வாங்க. ஒரு கேம்பர்வேன் வாடகைக்கு எடுப்போம். படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுக்குப் போயிடலாம்.”

எனக்கு லீவு தர மேனேஜர் கிடையாது. நான் ஃப்ரீலான்ஸ். (சம்பளம் தரவும் மேனேஜர் கிடையாது என்பது வேறு விஷயம்.) சீட்டுப் பணம் முதிர்ந்து கையில் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு, மேப்பை விரித்தேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையைத் தாண்டி, அட்லாண்டிக் கடலில், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளத்துக்குத் தோரணம் கட்டினாற்போல் கிடக்கின்றன இந்தத் தீவுகள். தெற்கே வாட்டர்சே, பாரா. அப்புறம் எரிஸ்கே, சவுத் யூயிஸ்ட், பென்பெக்குலா, நார்த் யூயிஸ்ட், பெர்னரே. அதற்கும் வடக்கே ஹாரிஸ், லூயிஸ். கடைசி இரண்டும் தனித்தனித் தீவு என்றுதான் நானும் எண்ணிவிட்டேன். இல்லை. ஒரே தீவு, இரண்டு பெயர்! நடுவில் மலை இருப்பதால் இந்தப் பக்கத்துக்காரர் ஒரு பெயரும் அந்தப் பக்கத்துக்காரர் ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஆக மொத்தம் அத்தனை தீவிலும் சேர்த்து ஜனத்தொகை சுமார் 26,000. நம் ஊரில் ஒரு பெரிய நடிகரின் படம் ரிலீசாகும் அன்று ஒரு தெருவில் இதைவிடக் கூட்டம் கூடும்.

நான் பி.காம். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தால் முதலில் நடுவில் கோடு போடுகிற ஜாதி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஏழு நாளில் பதினோரு தீவு என்று ஒரு பிளான் தயாரித்தேன். வழியில் இருக்கிறதே என்று ஸ்கை தீவு. தூரத்தில் இருக்கிறதே என்று செயின்ட் கில்டா. அந்தத் தீவில் கடைசியாக இருந்த 36 பேரும் 1930-ல், இனி இங்கே பிழைக்க முடியாது என்று தாங்களே கேட்டுக்கொண்டு ஊரைக் காலி செய்தவர்கள். அங்கே போக ஒரு அரை நாள் ஒதுக்கினேன். லூயிஸில் காலனிஷ் என்ற இடத்தில் சுமார் 5,000 ஆண்டுக்கு முன் நட்ட கற்கள் நிற்கின்றன. அதற்கு 20 நிமிஷம். நிமிஷத்துக்கு 250 வருஷம் வீதம்!

மனைவி அந்தத் தாளை மேலிருந்து கீழே, நோட்டுத் திருத்துவதுபோல் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல நாம எப்ப உட்காரப் போறோம்?”

“வண்டியில உட்கார்ந்துகிட்டேதானே போறோம்?”

அன்று ராத்திரி சாம்பாரில் உப்பு இல்லை.

தாளை மைத்துனனுக்கு அனுப்பினேன். அவன் அதைத் தன் ஆபீஸில் ஒருவரிடம் காட்டினானாம். அவர் பிறந்து வளர்ந்ததே லூயிஸில். நிதானமாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “உங்க மாமாவை யாராவது துரத்துறாங்களா?”

அவமானம்தான். ஆனால் அந்த மனிதர் அதோடு விடவில்லை. மைத்துனன் மூலமாக எனக்கு ஒரு டியூஷனே எடுத்துவிட்டார். அதைத்தான் இனி சொல்லப்போகிறேன். கேம்பர்வேன் ஏறப்போகிறீர்களோ இல்லையோ, கேட்டு வையுங்கள்.

பாடம் ஒன்று: முதலில் வேன் இல்லை, ஃபெரி. வண்டியோடு நம்மையும் ஏற்றிக்கொள்ளும் கப்பல் அது. தெற்கிலிருந்து வடக்கே போவதென்றால் நாலு ஃபெரி. ஓபன் துறைமுகத்திலிருந்து பாராவின் காசில்பே, ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாராவிலிருந்து எரிஸ்கே, 40 நிமிஷம். பெர்னரேயிலிருந்து ஹாரிஸின் லெவர்பர்க், ஒரு மணி நேரம். பாறைகளுக்கு நடுவே கப்பல் நெளிந்து நெளிந்து போகும். கடைசியாக ஸ்டார்னவேயிலிருந்து உல்லாபூல், இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். மற்ற தீவுகளுக்கு நடுவில் கடலில் கல்லைக் கொட்டி ரோடே போட்டுவிட்டார்கள். வாட்டர்சேக்கு 1991-ல், எரிஸ்கேக்கு 2001-ல். அந்த ரோடுகளில் சில இடத்தில் ‘நீர்நாய் குறுக்கே வரும், ஜாக்கிரதை’ என்று போர்டு இருக்கிறதாம். நம் ஊரில் எது குறுக்கே வந்தாலும் போர்டு கிடையாது.

ஃபெரி கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. எங்கள் வேன் 6 மீட்டர். கோடையில் வண்டித் தளம் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் ஃபெரியில் இடம் கிடைத்த தேதிக்குத்தான் வேனை பேச வேண்டும். நாள் பார்த்து, மண்டபம் கிடைக்காமல் திண்டாடுகிற கல்யாண வீட்டு நிலைமைதான்.

நான் விவரமானவன் இல்லையா? வெவ்வேறு இரண்டு தேதிக்கு புக் பண்ணச் சொல்லியிருந்தேன். ஒன்று இல்லாவிட்டால் ஒன்று, எதுக்கும் இருக்கட்டும் என்று. தீபாவளிக்கு ஊருக்குப் போக நாம் செய்வதுதானே?

இதைச் சொன்னதும் அந்த லூயிஸ்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். அவர் அம்மாவுக்கு ஒருமுறை மெயின்லாண்டில், இன்வர்னெஸ் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. கோடைகாலம். காரை ஏற்ற இடமில்லை. தளம் முழுக்க எங்களைப்போல சும்மா இருக்கப்போகிறவர்களின் வேன்கள். அடுத்த தேதி வாங்கிக்கொண்டு காத்திருந்தார் அந்த அம்மா. “அவங்களுக்கு அது டூர், மாமா. இவங்களுக்கு அது டவுன் பஸ்” என்றான் மைத்துனன்.

போனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று நான் பிடித்து வைத்திருந்த அந்த 6 மீட்டர் யாருடைய 6 மீட்டர்? ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கம் அட்லாண்டிக் வரை போய்விட்டது. அன்றைக்கே ஒரு தேதியை ரத்து செய்யச் சொன்னேன். பணத்தில் கொஞ்சம் போயிற்று. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், கணக்கில் எழுதாமலே விட்டுவிட்டேன். பி.காம். படித்த பிறகு செய்த முதல் தவறு.

பாடம் இரண்டு: ரோடு. தீவுகளில் நிறைய ரோடுகள் ஒரே ஒரு வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால்? அதற்குத்தான் ஆங்காங்கே ‘பாசிங் பிளேஸ்’ என்று ஓரத்தில் கொஞ்சம் அகலப்படுத்தி, போர்டு நட்டிருக்கிறார்கள். அந்த இடம் உங்களுக்கு இடதுபக்கம் இருந்தால் ஒதுங்கி நில்லுங்கள். வலதுபக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே நில்லுங்கள். எதிராளி ஒதுங்கி வளைந்து போவார். போகும்போது கையைத் தூக்கி ஒரு நன்றி. இவ்வளவுதான் சட்டம். பின்னால் வருகிறவர் அவசரமாக வந்தாலும் ஒதுங்கி விட்டுவிட வேண்டும். அவர் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம், நர்ஸாக இருக்கலாம். நாம்தான் சும்மா போகிறவர்கள். முக்கியமாக, ‘ஆஹா, என்ன காட்சி’ என்று அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு போட்டோ எடுக்கக் கூடாது. அது பார்க்கிங் இல்லை.

ஓட்டுவது இடதுபக்கம்தான் என்பது நமக்கு வசதி. நம் லைசென்ஸில் கார் ஓட்ட அனுமதி இருந்தால், 3.5 டன் வரையிலான வண்டியை, போய் இறங்கிய நாளிலிருந்து 12 மாதம் வரை அங்கே ஓட்டலாம். ஆனாலும் “நீங்க ஓட்ட வேணாம் மாமா” என்று மைத்துனன் சொல்லிவிட்டான். நான் அண்ணா சாலையில் ஓட்டுவதை அவன் பார்த்திருக்கிறான்.

பாடம் மூன்று: ராத்திரி எங்கே நிற்பது? ‘ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்’ என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம், டென்ட் போடலாம் என்கிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது. கடற்கரையை ஒட்டிய பச்சைப் பசும்புல் தரைக்கு ‘மாஹர்’ என்று பெயர். சிப்பித்தூள் கலந்த மணலின்மேல் முளைத்தது. ஜூனில் பூவாய்ப் பூத்துக் கிடக்கும். பார்த்தால் வேனை இறக்கத் தோன்றும். இறக்கினால் டயர் புதையும், புல் சாகும், அது யாருடைய ஆடோ மேய்கிற இடம். ஆகவே காசு கொடுத்து, கேம்ப்சைட்டிலோ, ஊர்க்காரர்கள் வேனுக்கென்றே ஒதுக்கிய இடத்திலோ நிற்பதுதான் மரியாதை. அந்தக் காசு அந்த ஊருக்கே போகும்.

பாடம் நாலு... இதைச் சாப்பிட்டுவிட்டுப் படிக்க வேண்டாம். வேனில் பாத்ரூம் உண்டு. அடியில் ஒரு பெட்டி. அதற்குப் பெயர் கேசட். நமக்கெல்லாம் கேசட் என்றால் இளையராஜா பாட்டு. ஏ சைடு, பி சைடு. இந்த கேசட்டில் அப்படி எதுவும் கிடையாது. நிரம்பியதும் கழற்றிக்கொண்டு போய், அதற்கென்று இருக்கிற இடத்தில் மட்டும் கொட்டிக் கழுவ வேண்டும். ஓடையிலோ புதரிலோ கூடாது. “இந்த டிபார்ட்மென்ட் யாருக்கு?” என்று கேட்டேன். “ஓட்டுறது நான், சமைக்கிறது அக்கா” என்று பதில் வந்தது. மிச்சம் யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் ஐந்து: ஞாயிற்றுக்கிழமை. தெற்கே பாரா, சவுத் யூயிஸ்ட் கத்தோலிக்கத் தீவுகள். ஞாயிறு சகஜமாக இருக்கும். வடக்கே ஹாரிஸிலும் லூயிஸிலும் பிரெஸ்பிடீரியன் சபைகள். ஞாயிறு என்றால் ஓய்வு, முழு ஓய்வு. ஸ்டார்னவேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஃபெரி முதன்முதலாகக் கிளம்பியதே 2009 ஜூலை 19-ல்தான். எதிர்ப்பும் இருந்தது, வரவேற்பும் இருந்தது. இன்றும் பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே டீசல் போட்டு, பால் வாங்கி வைத்துவிட வேண்டும். துணியைத் துவைத்து வெளியே காயப்போடுவதுகூட பலருக்கு மனசு கஷ்டமாக இருக்கும். நாம் விருந்தாளி. ஒரு நாள் துணி காயாவிட்டால் என்ன?

இதைக் கேட்டதும் மனைவி முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தோஷம். “வாரத்துல ஒரு நாள் ஊரே சும்மா உட்காருதா? அங்கதான் நாம போறோம்” என்றாள்.

அப்புறம் வெயில். ஜூலையிலேயே ஸ்டார்னவேயின் சராசரி உச்ச வெப்பம் 16 டிகிரிதான். உங்கள் ஆபீஸ் ஏ.சி.யே இதைவிட வெதுவெதுப்பு. ஆனால் மே கடைசியில் மழை ஒப்பிட்டுப் பார்த்தால் குறைவு. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். காற்று மட்டும் ஓயாது. அதிலும் ஒரு நன்மை. ஸ்காட்லாந்துக்கே பேர்போன ‘மிட்ஜ்’ என்கிற பொடிக் கொசு, காற்று அடித்தால் பறக்க முடியாமல் ஒளிந்துகொள்ளும். கெடுதல், காற்று அதிகமானால் ஃபெரி நின்றுபோகும். அதனால் ஊர் திரும்பும் விமான டிக்கெட்டை ஃபெரிக்கு மறுநாளே போடாதீர்கள். இரண்டு நாளாவது கையிருப்பு வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு என் பதினோரு தீவு பிளானில் மிஞ்சியது இது.

திங்கட்கிழமை ஓபனில் ஏறி பாரா. மூன்று ராத்திரி. அங்கே கடற்கரைதான் விமான நிலையம்! கிளாஸ்கோவிலிருந்து தினசரி வழக்கமாக வரும் சின்ன விமானம், அலை வடிந்த மணலில் இறங்கும். அலை ஏறினால் ரன்வே கிடையாது. டைம்டேபிளைப் போடுவது கடல். காற்றுக்கூண்டு பறந்தால் மணலில் இறங்காதே என்று அர்த்தம். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு காலைப் பொழுது உட்காரலாம்.

வியாழன் எரிஸ்கே வழியாக யூயிஸ்ட், இரண்டு ராத்திரி. 1941 பிப்ரவரியில் ‘பொலிடிஷியன்’ என்ற கப்பல், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட விஸ்கி பாட்டிலோடு எரிஸ்கே பக்கம் பாறையில் மோதி நின்றது. யுத்த காலம், எல்லாவற்றுக்கும் ரேஷன். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் போய் இறக்கி, கிடைத்த சந்துபொந்தில் எல்லாம் ஒளித்தார்கள். சுங்க அதிகாரி விடவில்லை. சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். காம்ப்டன் மெக்கன்ஸி 1947-ல் இதை நாவலாக்க, பாராவிலேயே எடுத்த படமும் 1949-ல் வெளிவந்தது. கப்பலுக்குப் பெயர் அரசியல்வாதி, உள்ளே முழுக்கச் சரக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஹாரிஸ், மூன்று ராத்திரி. லஸ்கன்டைர் கடற்கரையின் வெள்ளை மணலையும் பச்சை நீலத் தண்ணீரையும் போட்டோவில் பார்த்தால் மாலத்தீவு என்பீர்கள். காலை வைத்தால் ஐஸ் பெட்டி என்பீர்கள். ஹாரிஸ் ட்வீட் துணி இந்த ஊர்ச் சரக்குதான். தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 1993-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் தனிச் சட்டமே போட்டது.

செவ்வாய் லூயிஸ், இரண்டு ராத்திரி. காலனிஷ் கற்களுக்கு இப்போது 20 நிமிஷம் இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க. பிறகு ஸ்டார்னவே. காலின் மெக்கன்ஸி பிறந்த ஊர். 1783-ல் சென்னைக்கு வந்து இறங்கி, 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். அளக்கப் போன இடத்திலெல்லாம், தம்முடைய இந்திய உதவியாளர்களை வைத்துக்கொண்டு ஊர்க்கதை, கல்வெட்டு, ஓலைச்சுவடி என்று சேர்த்துக்கொண்டே போனார். அதில் ஒரு பகுதி இன்றும் சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. 1821-ல் இங்கேயே இறந்தார். 38 வருஷம், ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது மனைவி கேட்டாள்: “அவருக்கு அந்தக் கடற்கரை ஞாபகம் வந்திருக்காதா?”

எனக்குத் தெரியாது. வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. நாமும் அதைத்தானே நினைக்கிறோம். மார்ச் முடியட்டும், ஆடிட் முடியட்டும், பையன் பத்தாவது முடிக்கட்டும்.

ஸ்கை இல்லை. செயின்ட் கில்டா இல்லை. வியாழக்கிழமை உல்லாபூல், அங்கிருந்து கிளாஸ்கோ. நாலே நாலு ஃபெரி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு 6 மீட்டர்.

நேற்று ராத்திரி மைத்துனன் மறுபடி போன் செய்தான். “எல்லாம் புக் ஆயிடுச்சு மாமா. ஹாரிஸ்ல அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் தாள்ல காலியா இருக்கு. என்னன்னு போடட்டும்?”

நான் யோசிப்பதற்குள் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

“பஞ்சர்னு போடுடா.”